களியக்காவிளையில் ஒரு நாவல் வகுப்பு: சபையின் நடுவே ஒரு போதகரின் மௌனம்

குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், களியக்காவிளைச் சந்தைக்கு அருகிலுள்ள தெருவொன்றின் மாடி அறையில், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் சனிக்கிழமைப் பிற்பகல்களில் நாவல் வகுப்பு நடத்திவருகிறார். ஒரு பருவத்துக்கு ஒரு நாவல் என்பது அவருடைய முறை. இம்முறை அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதார்ன் 1850இல் வெளியிட்ட ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’. பதினேழாம் நூற்றாண்டுப் பாஸ்டன் நகரில் கணவன் அல்லாத ஒருவருக்குப் பிள்ளை பெற்று, பிறர்மனை உறவைக் குறிக்கும் ‘ஏ’ என்ற சிவப்பு ஆங்கில எழுத்தை மார்பில் அணிந்து தண்டனை மேடையில் ஊர்முன் நிறுத்தப்பட்ட ஹெஸ்டர், அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் தானே என்பதை ஏழு ஆண்டுகள் மறைத்த போதகர் டிம்ஸ்டேல், பெயரை மாற்றிக்கொண்டு அவர்களுக்கு நடுவே வந்து அமர்ந்த கணவன் சில்லிங்வொர்த் ஆகிய மூவரின் கதை அது. பருவம் முழுவதும் நான் வகுப்பில் இருந்தேன். சேர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் அதை மட்டும் தவிர்க்கிறேன்.

முதலில் நடைமுறைச் செய்திகள். கட்டணம் பருவம் முழுமைக்கும் 1,500 ரூபாய். கல்லூரியில் படிப்பவர்களுக்குப் பாதி. மார்த்தாண்டம் பக்கமிருந்து வருபவர்களுக்கும் பாறசாலைப் பக்கமிருந்து வருபவர்களுக்கும் பேருந்து எளிதாகக் கிடைக்கும் இடம். வகுப்பு தமிழில் நடக்கிறது. மூலத்தின் முக்கியமான பத்திகளை ஆங்கிலத்திலேயே உரக்க வாசித்து, வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் விளக்குகிறார். மலையாளம் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த மாணவர்கள் சிலர் இருந்ததால் ஆங்காங்கே மலையாளத்திலும் சொன்னார். எங்கள் பகுதியில் இது யாருக்கும் இடையூறாகத் தோன்றுவதில்லை. நாற்காலிகள் போதவில்லை, தாமதமாக வந்தால் பின்பக்கத்து மரப்பெஞ்சில்தான் உட்கார வேண்டும், தெருப்பக்கச் சன்னலைத் திறந்தால் பேருந்துகளின் ஒலிப்பானில் பாதி வாக்கியம் காணாமல் போகிறது. இவை குறைகள்தாம். ஆனால் அந்த அறையில் கிடைத்ததை நான் படித்த எந்தக் கல்லூரியிலும் பெறவில்லை என்பதால் இவற்றை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

குமரியின் எல்லைப் பகுதியில் இந்த நாவலைப் படிக்கத் தனிக் காரணம் ஒன்று உண்டு என்று ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொன்னார். தென் திருவிதாங்கூரில் சபைகளையும் பள்ளிகளையும் நிறுவிய லண்டன் மிஷன் சங்கம் 1795இல் தொடங்கப்பட்டது. அதில் பெரும்பான்மையினர், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தவர்கள். வடகிழக்கு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கடும் ஒழுக்கக் கிறிஸ்தவர்கள் கட்டியெழுப்பிய சபை அமைப்பும் அதே மரபில் வந்ததே. 1806இல் லண்டன் மிஷன் சங்கத்தின் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததில் தொடங்கி, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானதுவரை இந்தப் பகுதியில் வளர்ந்த சபைகளுக்கும், நாவலில் வரும் பாஸ்டன் சபைக்கும் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது. சபையாரின் நடத்தையைச் சபையே விசாரிப்பது, தவறியவரைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைப்பது, பாவ அறிக்கைக்குப் பின் மீண்டும் சேர்த்துக்கொள்வது ஆகியவை எங்கள் பாட்டிகள் காலத்துப் பேச்சில் அடிபட்ட செய்திகள். ஆகவே வகுப்பில் இருந்தவர்களுக்கு, அவர்கள் எந்த மதத்தினராக இருந்தாலும், ஹெஸ்டர் நின்ற மேடை அந்நியமாகத் தோன்றவில்லை.

சட்டப் பின்னணியை ஆசிரியர் சுருக்கமாக, ஆனால் பிழையின்றிக் கொடுத்தார். பாஸ்டன் நகரை உள்ளடக்கிய மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் 1641ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் பிறர்மனை உறவு மரண தண்டனைக்குரிய குற்றம். 1644இல் மேரி லேதம் என்ற இளம்பெண்ணும் ஜேம்ஸ் பிரிட்டன் என்பவரும் அந்தக் குற்றத்துக்காகப் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார்கள். துணியில் எழுத்தைத் தைத்துக்கொள்ளும் தண்டனையும் கற்பனை அன்று. பிளிமத் குடியேற்றம் 1658இல் ‘ஏ.டி.’ என்ற இரண்டு எழுத்துகளைத் தைக்கச் சொன்னது. மாசசூசெட்ஸ் 1694இல் இரண்டு அங்குல உயரமுள்ள ‘ஏ’ என்ற எழுத்தை, தூக்குமேடையில் கழுத்தில் கயிற்றோடு ஒரு மணி நேரம் உட்கார வைப்பதோடும் கசையடியோடும் சேர்த்து விதித்தது. நாவலின் கதை நடப்பது 1642க்கும் 1649க்கும் இடைப்பட்ட காலத்தில். கணவன் கடலில் மூழ்கியிருக்கக்கூடும் என்று இரக்கப்பட்ட நீதிபதிகள் ஹெஸ்டரின் உயிரை விட்டுவைத்து, மூன்று மணி நேர மேடைத் தண்டனையையும் ஆயுள் முழுவதும் அணிய வேண்டிய எழுத்தையும் கொடுக்கிறார்கள். அறிக்கை செய்தால் சபை சேர்த்துக்கொள்ளும், ஆனால் அதே அறிக்கைக்கு அரசு கழுத்தைக் கேட்கலாம் என்ற இக்கட்டு அந்தப் போதகரின் மௌனத்துக்குப் பின்னால் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் அவரைக் கோழை என்று சொல்லிவிடுவது எளிது.

மேடைக் காட்சியை நடத்திய விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். விருப்பமுள்ள ஒருவர் முன்னால் வந்து பெஞ்சின்மேல் மூன்று நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும், மற்றவர்கள் பேசாமல் பார்க்க வேண்டும் என்றார் ஆசிரியர். நீண்ட தயக்கத்துக்குப் பின் செவிலியர் படிப்பு படிக்கும் மாணவி ஒருத்தி ஏறி நின்றாள். முதலில் சிரித்தாள், பிறகு சன்னலைப் பார்த்தாள், பிறகு துப்பட்டாவின் நுனியைப் பிடித்துச் சுருட்டத் தொடங்கினாள். இறங்கியதும் என்ன தோன்றியது என்று கேட்டபோது, “கையை எங்க வைக்கதுன்னு தெரியல்ல சாரே” என்றாள். ஆசிரியர் உடனே இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தார். சிறைவாசலில் ஹெஸ்டரின் கையில் மூன்று மாதக் குழந்தை இருக்கிறது. முதல் எண்ணத்தில் அவள் குழந்தையை மார்போடு இறுக்கி எழுத்தை மறைக்கப் பார்க்கிறாள். அந்தக் குழந்தையும் அதே அவமானத்தின் அடையாளம் என்பது அடுத்த நொடியில் உறைக்க, குழந்தையைக் கையில் சரித்துக்கொண்டு ஊரை நிமிர்ந்து பார்க்கிறாள். மறைப்பதை அவள் கைவிடும் கணம் அதுதான். பலமுறை படித்திருந்தும் கண்ணில் படாத அந்தக் கையசைவை, ஒரு மாணவியின் துப்பட்டா நுனி எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அதே காட்சியில், மேல்மாடத்தில் ஆளுநரோடும் மூத்த போதகர் வில்சனோடும் அமர்ந்திருக்கும் டிம்ஸ்டேலிடம், பிள்ளையின் தகப்பன் பெயரைச் சொல்லும்படி அவளுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அவர் எழுந்து பேசுகிறார். உன்னோடு பாவம் செய்தவன்மேல் இரக்கப்பட்டு மௌனம் காக்காதே, உயர்ந்த இடத்திலிருந்து இறங்கி உன் பக்கத்தில் வந்து நிற்க நேர்ந்தாலும் அது அவனுக்கு ஆயுள் முழுவதும் குற்றமுள்ள நெஞ்சை மறைத்து வாழ்வதைவிட மேல் என்ற பொருளில் அவர் கெஞ்சுகிறார். ஊராருக்கு அது பிரசங்கம்; ஹெஸ்டருக்கு அது மன்றாட்டு. தன்னால் செய்ய முடியாததைத் தனக்காக அவள் செய்துவிடக் கூடாதா என்று ஒருவர் பொதுமேடையில் கேட்கிறார். அவள் மறுத்துவிடுகிறாள். அந்தப் பேச்சை ஆசிரியர் இரண்டு முறை வாசித்தார். ஒரு முறை சபையாரின் காதில் விழுந்தபடி, ஒரு முறை அவளுடைய காதில் விழுந்தபடி. குரலில் பெரிய மாற்றம் எதையும் செய்யாமலே அவர் அந்த வேறுபாட்டைக் கொண்டுவந்தார்.

வகுப்பின் உயிர்நாடி பதினோராம் அத்தியாயத்தில் இருந்தது. போதகர் உடல் மெலிகிறார், பேசும்போது கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. பூட்டிய அலமாரியில் கசை வைத்திருந்து தன்னைத் தானே அடித்துக்கொள்கிறார். முழங்கால் நடுங்கும்வரை உபவாசம் இருக்கிறார். இரவெல்லாம் விழித்திருந்து மாயத் தோற்றங்களைக் காண்கிறார். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது பிரசங்க மேடையில் நடக்கிறது. நான் இழிந்தவன், பாவிகளிலெல்லாம் பெரும் பாவி என்று அவர் சபையாரிடமே சொல்கிறார். எங்கள் சபைகளில் ‘பாவிகளில் பிரதான பாவி நான்’ என்று ஊழியக்காரர் ஒருவர் ஜெபத்தில் சொன்னால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்களோ, அதையே பாஸ்டன் சபையாரும் நினைக்கிறார்கள். இவரே தம்மை இப்படிச் சொல்கிறார் என்றால் நாம் எம்மாத்திரம் என்று உருகுகிறார்கள். அவருடைய புகழ் ஒரு படி ஏறுகிறது. அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்கும் தெரியும். உண்மையைச் சொல்லியே அவர் பொய்யராகிறார். செய்த பிழைக்காகப் பட்ட வேதனையோடு, அதைச் சொன்னதுபோல் நடித்ததற்கான வேதனையும் சேர்ந்துகொள்கிறது.

இந்த இடத்தில், சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நெடுங்காலம் செயலாளராக இருந்த அக்கா ஒருவர், பருவம் முழுவதும் அதிகம் பேசாதவர், எழுந்து சொன்னார்: “சாரே, அவரு மட்டுமா ஒளிச்சாரு? அவருக்க சபையாக்கும் அவர ஒளிச்சு வச்சிருக்கு.” அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு அவரே விளக்கினார். தங்கள் ஐயர், அதாவது போதகர், குறையற்றவர் என்று சபை நம்புவது அவருக்காக அல்ல, தங்களுக்காக. அவர் விழுந்தால் தங்கள் விசுவாசமும் விழுந்துவிடும் என்ற பயத்தில் அவர் சொல்வது எதையும் காதில் வாங்காமல் இருக்கிறார்கள் என்றார். நாவலைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இவ்வளவு நேராக விஷயத்தைத் தொட்டவர் அவரே. குற்றவுணர்வு என்றால் ஒருவருடைய நெஞ்சுக்குள் நடக்கும் தனிப் போராட்டம் என்றுதான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். ஹாதார்ன் காட்டுவது அதைவிடப் பெரியது. ஒரு சமூகம் தன் நடுவில் ஒருவரை மிக உயரமான இடத்தில் வைத்து, இறங்கி வரும் படிகளையும் எடுத்துவிட்டால், அவருடைய ரகசியத்துக்கு அந்தச் சமூகமும் பொறுப்பாளி. ஹெஸ்டரை இழிவுபடுத்திய அதே ஊர் டிம்ஸ்டேலைப் போற்றியே அழித்தது. இந்த ஒரு கருத்துக்காகவே நான் கட்டிய கட்டணம் தகும் என்பேன்.

அக்காவின் பேச்சுக்கு ஆதாரம் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கிடைக்கிறது. நள்ளிரவில் ஆள் அரவமற்ற நேரத்தில் போதகர் அதே மேடையில் ஏறி நிற்கிறார். ஆளுநர் வின்த்ரோப் இறந்துகொண்டிருக்கும் இரவு அது. அவர் 1649 மார்ச்சில் இறந்தது வரலாறு. நாவலாசிரியர் அதை மே மாதத்துக்கு நகர்த்திக்கொண்டார். இறப்புப் படுக்கையருகே இருந்துவிட்டுத் திரும்பும் ஹெஸ்டரும் குழந்தை பேர்லும் மேடையேறி அவரோடு கை கோக்கிறார்கள். நாளை நடுப்பகலில் எங்களோடு இங்கே நிற்பாயா என்று குழந்தை கேட்கிறது, முடியாது என்கிறார். வானத்தில் ஒரு எரிகல் ஒளியைச் சிந்துகிறது. தன் குற்றத்தின் எழுத்தை அவர் அதில் காண்கிறார். மறுநாள் காலையில் கோயில் பணியாளர், மேடையில் கிடந்த போதகரின் கையுறையைக் கொண்டுவந்து கொடுத்து, தங்களை இழிவுபடுத்தச் சாத்தான் போட்டிருக்கிறான் என்கிறார். குற்றத்தின் இடத்திலேயே தடயம் கிடைத்திருக்கிறது. சபை அதற்கும் தானே ஒரு விளக்கத்தைத் தயாரித்துக் கையில் கொடுக்கிறது. ஆசிரியர் இங்கே தாவீதின் முப்பத்திரண்டாம் சங்கீதத்தை நினைவுபடுத்தினார். அடக்கிவைத்திருந்த நாளெல்லாம் எலும்புகள் உலர்ந்துபோயின என்று பாடியவன் ஒரு அரசன். அவனுக்கு முன் வந்து நின்று, அந்த மனிதன் நீயே என்று சொல்ல நாத்தான் என்ற தீர்க்கதரிசி இருந்தார். டிம்ஸ்டேலுக்கு அப்படி ஒருவர் இல்லை.

அவருக்குக் கிடைத்தவர் மருத்துவர் சில்லிங்வொர்த். ரகசியம் என்பது காவலற்ற கதவு என்பதை வகுப்பு நன்றாக எடுத்துக்காட்டியது. ஹெஸ்டரின் முதிய கணவன், சிறையிலேயே அவளிடம் தான் யார் என்பதைச் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டு, போதகரோடு ஒரே வீட்டில் தங்கி, மருந்தும் பரிவுமாக அவருடைய நெஞ்சைக் கிளறிக்கொண்டே இருக்கிறான். நோயாளி உறங்கும்போது சட்டையை விலக்கி அந்த மார்பில் ஏதோ ஒன்றைக் கண்டு ஆனந்தக் கூத்தாடுகிறான். வெளியே சொல்லிவிட்டவரை இப்படி யாரும் ஆட்டிவைக்க முடியாது. ஊரே அறிந்த ஹெஸ்டரிடம் சில்லிங்வொர்த்துக்கு எந்தப் பிடியும் இல்லை.

ஆனால் ஹெஸ்டரும் ஒன்றை மறைத்தாள் என்பதை இந்த வகுப்புக்குப் பிறகுதான் முழு எடையோடு உணர்ந்தேன். காட்டில் போதகரைச் சந்திக்கும் பதினேழாம் அத்தியாயத்தில் அவள் மன்னிப்புக் கேட்கிறாள். எதற்காக? அவரை நேசித்ததற்காக அல்ல. அந்த உறவுக்கே உரிய ஒரு புனிதம் இருந்தது என்றுதான் அவள் அங்கும் சொல்கிறாள். உடன் வசிக்கும் மருத்துவன் தன் கணவன் என்பதை ஏழு ஆண்டுகள் சொல்லாமல் விட்டதற்காக மன்னிப்புக் கேட்கிறாள். அவர் முகம் கறுத்து, மன்னிக்க முடியாது என்கிறார். அவள் உதிர்ந்த இலைகளின்மேல் அவர் பக்கத்தில் விழுந்து, இந்த உலகம் முழுவதும் முகம் சுளித்ததைத் தாங்கினேன், உம்முடைய சுளிப்பைத் தாங்க மாட்டேன் என்ற நிலையில் அவரைக் கட்டிக்கொள்கிறாள். ஊர் விதித்த எழுத்து அவளைப் பலவீனப்படுத்தவில்லை. நோயாளிகளின் வீடுகளிலும் ஏழைகளின் வீடுகளிலும் அவள் செய்த பணியால் அந்த எழுத்துக்கே ஊரார் வேறு பொருள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அவளை உள்ளே அரித்தது அவளே காத்த ரகசியம். நாவலில் மூவரும் துன்பப்படுகிறார்கள். ஒவ்வொருவருடைய துன்பமும் அவரவர் எதை மறைத்தாரோ அந்த இடத்திலிருந்தே கிளம்புகிறது.

கேரளப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் குறியேடத்துத் தாத்ரியின் விசாரணையைப் பேச்சில் கொண்டுவந்தது இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த விவாதத்துக்கு வழி வகுத்தது. 1905இல் கொச்சி சமஸ்தானத்தில் நடந்த அந்த ஸ்மார்த்தவிசாரத்தில் (நம்பூதிரிகளின் கற்பு விசாரணையில்), பிறர் உறவுக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிப் பெண்ணைத் தனி அறையில் அடைத்து, பெயர் சொல்லி அழைக்காமல் ‘சாதனம்’ (பொருள்) என்று குறிப்பிட்டு விசாரித்தார்கள். குற்றம் உறுதியானால் உயிரோடு இருக்கும்போதே அவளுக்கு ஈமக்கிரியை செய்து விலக்கிவிடுவது வழக்கம். தாத்ரி தன்னோடு உறவு கொண்டவர்களை ஒவ்வொருவராக அடையாளத்தோடு சொன்னாள். அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் சாதியிலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்களில் மதிப்புமிக்க கலைஞர்களும் இருந்தார்கள். ஹெஸ்டர் ஒரு பெயரைச் சொல்ல மறுத்தாள், தாத்ரி எல்லாப் பெயர்களையும் சொன்னாள், யார் செய்தது சரி என்று அந்த மாணவர் கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. எனக்குத் தோன்றியதை இங்கேயும் பதிவு செய்கிறேன். இரண்டு இடத்திலும் ஆணின் ரகசியம் பெண்ணின் கையில் இருந்தது; இரண்டு இடத்திலும் முதலில் விசாரிக்கப்பட்டவள் பெண். ஹெஸ்டரின் மௌனம் அன்பினால் வந்தது, ஆனால் அந்த அன்பு அவரைக் காப்பாற்றவில்லை. தானாகச் சொல்லும் வாய்ப்பை அவருக்கு விட்டுவைத்தது, அதை அவர் ஏழு ஆண்டுகள் பயன்படுத்தவில்லை. தாத்ரியின் பேச்சு அவளுக்கு விடுதலை தரவில்லை, ஆனால் பழியைத் தனியே சுமப்பதை அது முடித்துவைத்தது.

இந்தியச் சட்டத்தையும் தொட்டார்கள். 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் பிறர்மனை உறவைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்ததும், கிறிஸ்தவ மனைவி கணவனின் பிறர்மனை உறவை மட்டுமே காரணம் காட்டி மணவிலக்குப் பெறும் நிலை 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டத்தில் உறுதியானதும் சொல்லப்பட்டன. இந்தப் பகுதிக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். நாவலின் நீண்ட முன்னுரையான சுங்கச்சாவடிப் பகுதியை, கதைக்குத் தொடர்பில்லை என்று ஆசிரியர் தாண்டிவிட்டார். இதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் சேலம் நகரச் சுங்க அலுவலகத்தில் 1849இல் வேலையை இழந்த ஹாதார்ன், அந்த முன்னுரையில்தான் தம் முன்னோர்களைப் பற்றி எழுதுகிறார். அவர்களில் ஜான் ஹாதார்ன் 1692ஆம் ஆண்டுச் சூனிய விசாரணைகளில் நீதிபதியாக இருந்தவர்; அந்த விசாரணைகளின் முடிவில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். தாம் செய்யாத, தம் குடும்பம் ஒப்புக்கொள்ளாத ஒரு பாவத்துக்கான வெட்கத்தைத் தாம் ஏற்றுக்கொள்வதாக நாவலாசிரியர் அங்கே வெளிப்படையாகச் சொல்கிறார். டிம்ஸ்டேலால் முடியாததை எழுதியவர் முதல் பக்கங்களிலேயே செய்துவிட்டார் என்பதை அறியாமல் கதைக்குள் போவது இழப்பு. குழந்தை பேர்லுக்கும் போதிய இடம் கிடைக்கவில்லை. காட்டில் ஹெஸ்டர் எழுத்தைக் கழற்றி எறிந்ததும், அதை மீண்டும் அணியும்வரை ஓடையைத் தாண்டி வர மாட்டேன் என்று காலை உதைத்து அடம்பிடிக்கும் அந்தக் குழந்தை, பெற்றோரின் ரகசியத்தைச் சுமந்து வளரும் பிள்ளைகள் எல்லோருக்காகவும் பேசுகிறாள். அந்தக் காட்சியைக் கால்மணி நேரத்தில் முடித்தது எனக்கு வருத்தம். ஆசிரியருக்குப் போதகர்மேல் இரக்கம் அதிகம். அவருடைய தகப்பனாரும் ஊழியத்தில் இருந்தவர் என்பதை அவரே சொன்னார். அந்த இரக்கம் பல இடங்களில் வகுப்பை ஆழப்படுத்தியது என்றாலும், ஏழு ஆண்டுகள் ஒரு பெண் தனியே தையல் வேலை செய்து பிள்ளையை வளர்த்ததன் கணக்கு சில நாட்களில் பின்னுக்குப் போய்விட்டது. வகுப்பில் கொடுக்கும் தமிழ்க் குறிப்புத் தாள்கள் தெளிவானவை, ஆனால் ஒளிநகல் மங்கல். வயதானவர்களுக்குப் படிக்கக் கடினம்.

கடைசி வகுப்பு இருபத்துமூன்றாம் அத்தியாயத்துக்கும் முடிவுரைக்கும். புதிய ஆளுநர் பதவியேற்கும் நாளில் தம் வாழ்வின் மிகச் சிறந்த பிரசங்கத்தைச் செய்துவிட்டு, புகழின் உச்சியில் இருக்கும் நேரத்தில் டிம்ஸ்டேல் ஹெஸ்டரையும் பேர்லையும் அழைத்துக்கொண்டு மேடையேறுகிறார். தடுக்க ஓடிவரும் சில்லிங்வொர்த், இந்த ஒரு இடத்தில்தான் என்னிடமிருந்து நீ தப்பியிருக்க முடியும் என்கிறான். போதகர் தம் மார்பைத் திறந்து காட்டிவிட்டு இறக்கிறார். அறிக்கை செய்துவிட்டுச் செத்துப்போவது தப்பித்தல் இல்லையா, உயிரோடு இருந்து அவளோடு ஒரு நாளாவது சந்தைக்குப் போய் வந்திருக்க வேண்டாமா என்று செவிலியர் மாணவி கேட்டாள். ஆசிரியர் மறுக்கவில்லை. அந்தக் கேள்வி என்னோடும் இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்ததாக அவர் வாசித்த பகுதி என்னை அதைவிட அதிகமாகப் பாதித்தது. நேரில் பார்த்தவர்களில் பலர் அவருடைய மார்பில் எழுத்தைக் கண்டதாகச் சொல்கிறார்கள். மதிப்புக்குரிய சிலரோ அங்கே எதுவும் இல்லை என்றும், அவர் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை என்றும், கடவுளின்முன் எல்லோரும் பாவிகளே என்பதை உணர்த்தவே விழுந்துபோன பெண்ணொருத்தியின் கைகளில் உயிர்விட்டார் என்றும் சாதிக்கிறார்கள். அவர் வாய் திறந்து சொன்ன பிறகும் சபையின் ஒரு பகுதி அதைக் கேட்க மறுக்கிறது. ஐக்கிய சங்கத்து அக்கா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆசிரியரைப் பார்த்தார், அவர் தலையசைத்தார்.

கல்லூரித் தேர்வுக்காக விற்கப்படும் வழிகாட்டி நூல்களில் இந்த நாவல் பாவம், தண்டனை, மீட்பு என்ற மூன்று தலைப்புகளுக்குள் அடங்கிவிடுகிறது. மாணவர்களுக்கு மதிப்பெண் கிடைக்கலாம். ஏழு ஆண்டுகள் மேடைக்குக் கீழே நடந்து திரிந்த ஒருவருடைய நாட்கள் கிடைக்காது. இந்த வகுப்பு அந்த நாட்களைக் கொடுத்தது. ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கும், சபைகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், குடும்ப ஆலோசனைப் பணியில் இருப்பவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் போதும். ஆனால் வீட்டில் படித்துவிட்டு வராதவர்களுக்கு வகுப்பில் அதிகம் கிட்டாது.

சேர்பவர்கள் புத்தகம் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுருக்கப் பதிப்பு வேண்டாம். முழுப் பதிப்பில் 24 அத்தியாயங்களும் சுங்கச்சாவடி முன்னுரையும் இருக்கும். என் கையில் கிடைத்த மலிவுச் சுருக்கப் பதிப்பு ஒன்றில் பதினோராம் அத்தியாயம் அரைப் பக்கமாகக் குறைக்கப்பட்டிருந்தது. காட்டிலிருந்து திரும்பும் போதகரின் மனம் தடம்புரளும் இருபதாம் அத்தியாயம் இல்லவே இல்லை. முன்னுரையை வகுப்பில் நடத்தமாட்டார்கள் என்பதால் முதல் வகுப்புக்கு முன்பே நீங்களாகப் படித்துவிடுவது நல்லது.